ஆராய்ச்சி முடிவை லேபர் வார்டுக்கு கொண்டு வர்றது எப்படி: ஓஜி பிஜிக்களுக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் முழுமையான வழிகாட்டி

ஓஜி பிஜி, அதாவது மகப்பேறு மேற்படிப்பு, சேர்ந்த புதுசுல நிறைய பேர் ஒரே இடத்துல தான் தடுமாறுறாங்க. ஜர்னல் கிளப்ல (ஆராய்ச்சிக் கட்டுரையை அலசற கூட்டம்) பேப்பரை அழகா பிரசன்ட் பண்ணிடுவாங்க, பி வேல்யூ வரைக்கும் சரியா சொல்லுவாங்க, அன்னைக்கு நைட் டியூட்டில அதே பிரச்சனையோட ஒரு அம்மா வந்தா வார்டுல எப்பவும் நடக்கறது தான் நடக்கும். அறிவு குறைவுனு நான் நினைக்கல, வரிசை தான் தப்பு. பேப்பர்ல ஆரம்பிச்சு நோயாளிகிட்ட வரப் பாக்கறாங்க, ஆனா நோயாளிகிட்ட ஆரம்பிச்சு பேப்பருக்குப் போய் திரும்ப நோயாளிகிட்டயே வரணும்.

இதுல பெரும்பாலும் ஒரே உதாரணத்தை வெச்சுட்டு போறேன்: டெலிவரிக்கு அப்புறம் வர்ற அதிக ரத்தப்போக்கு, அதாவது பிபிஎச், அதுக்கு போடற ட்ரானெக்ஸாமிக் ஆசிட் ஊசி. ஸ்டீராய்டு, இண்டக்‌ஷன் (மருந்து வெச்சு பிரசவ வலி வரவைக்கறது) எல்லாம் நடுவுல வரும். டோஸ் எழுதியிருக்கற இடத்துல உங்க டிபார்ட்மென்ட் புரோட்டோகாலோட ஒருதடவை ஒத்துப் பாத்துக்கோங்க.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில என்ன இருக்கணும்

முதல்ல உங்க வார்டு ரெஜிஸ்டர். கடைசி மூணு மாசத்துல எத்தனை டெலிவரி, எத்தனை சிசேரியன், எத்தனை பிபிஎச், எத்தனை பேருக்கு ரத்தம் ஏத்தினீங்க, எத்தனை பேரை ரெஃபர் பண்ணீங்க. இதை உக்காந்து எண்ணி ஒரு பக்கத்துல எழுதி வெச்சுக்கோங்க. இந்த எண் இல்லாம ஆரம்பிச்சா பின்னாடி ரெண்டு இடத்துல மாட்டுவீங்க: மருந்தால உங்க ஊர்ல எவ்வளவு பலன்னு கணக்கு போட முடியாது, மாத்தினதுக்கு அப்புறம் ஏதாவது மாறுச்சானும் தெரியாது.

ரெண்டாவது ஸ்டோர்ஸ்ல என்ன இருக்கு, எதுக்கு இண்டெண்ட் (வேணும்னு எழுதிக் குடுக்கற கோரிக்கை) போட்டா வரும்னு ஒரு லிஸ்ட்.

மூணாவது ஒரு ஆள், லேபர் வார்டு சிஸ்டர்ல ஒருத்தர். இதை ஏன் முன்னாடியே சொல்றேன்னா நைட்ல முதல் ஊசியை எடுக்கற கை அவங்களுது, அவங்க இல்லாம டாக்டர்கள் மட்டும் உக்காந்து எழுதின புரோட்டோகால் நோட்டீஸ் போர்டுலயே மஞ்சளாகிப் போறதை நிறைய பாத்தாச்சு.

2. கேள்வியை பெட் பக்கத்துல நின்னு எழுதுங்க

“பிபிஎச்க்கு ட்ரானெக்ஸா நல்லதா?” இது கேள்வியே இல்ல, தலைப்பு. இதை வெச்சு தேடினா நூத்துக்கணக்குல பேப்பர் வரும், எல்லாம் வேற வேற விஷயம் சொல்லும், கடைசில குழம்பி விட்டுடுவீங்க.

நாலு துண்டா உடைங்க. யாருக்கு, என்ன குடுக்கறோம், குடுக்காட்டி என்ன நடக்கும், எது மாறணும். நம்ம கேஸ்ல: நார்மல் டெலிவரியோ சிசேரியனோ ஆகி பிபிஎச்னு கண்டுபிடிச்ச அம்மாவுக்கு, கர்ப்பப்பையை இறுக்கற வழக்கமான ஆக்ஸிடோசின் சிகிச்சையோட 1 கிராம் ட்ரானெக்ஸா சேத்துக் குடுத்தா, குடுக்காததை விட ரத்தப்போக்கால சாவு குறையுமா?

இதுல எல்லாரும் சறுக்கற இடம் “யாருக்கு”. ப்ளீடிங் வந்தவங்களுக்கு குடுக்கறது ஒரு கேள்வி, வராம இருக்க எல்லாருக்கும் முன்கூட்டியே குடுக்கறது முழுக்க வேற கேள்வி. பதிலும் வேற. 2023ல வந்த வுமன்-2 ஆராய்ச்சில பாகிஸ்தான், நைஜீரியா, டான்சானியா, ஜாம்பியால ரத்தசோகை இருந்த 15,068 பேருக்கு குழந்தை பிறந்த உடனே தடுப்பா குடுத்துப் பாத்தாங்க: மருந்து வாங்கினவங்கள்ல 7.0 சதவீதம், வாங்காதவங்கள்ல 6.6 சதவீதம் பேருக்கு பிபிஎச். குறையவே இல்ல. அதே வருஷம் அமெரிக்கால சிசேரியன்ல சுமார் 11,000 பேரை வெச்சு பண்ணினதுலயும் சாவு அல்லது ரத்தம் ஏத்தறதுல நம்பும்படியான வித்தியாசம் வரல. சிகிச்சைக்கு வேலை செய்யுது, அதனால தடுப்புக்கும் செய்யும்னு நினைச்சு டெலிவரி ஆகற எல்லாருக்கும் போடற பழக்கம் இங்கிருந்து தான் வருது.

3. பேப்பரை திறக்கறதுக்கு முன்னாடி எந்த முடிவு முக்கியம்னு எழுதி வைங்க

சாவு, கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வர்றது, ரத்தம் ஏத்தறது, ஐசியூ போறது, அம்மா எழுந்து குழந்தைக்கு பால் குடுக்கற நிலைமை. இதெல்லாம் அந்த அம்மாவுக்கும் அவங்க வீட்டுக்கும் முக்கியம். ஹீமோகுளோபின் 0.3 கிராம் கம்மியா இறங்குச்சுங்கறது அப்படி இல்ல.

ஏன் முன்னாடியே எழுதணும்? பேப்பரை படிச்ச பிறகு எழுதினா அதுல எது நல்லா வந்திருக்கோ அது தான் முக்கியம்னு மனசு தானா சொல்லிடும்.

குழந்தை விஷயத்துல இன்னும் கவனமா இருங்க, பிறந்த அன்னைக்கு பாக்கறது வேற, வளர்ந்து பாக்கறது வேற. 2000ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த டெர்ம் பிரீச் ட்ரையல்ல (பிரீச்னா குழந்தை தலைக்கு பதிலா இடுப்போ காலோ கீழ இருக்கறது) 2,088 பேர். பிளான் பண்ணின சிசேரியன்ல குழந்தைக்கு சாவோ பெரிய பாதிப்போ 1.6 சதவீதம், பிளான் பண்ணின நார்மல்ல 5.0. அதைப் பாத்து உலகம் முழுக்க பிரீச்னா சிசேரியன்னு ஆயிடுச்சு. 2004ல அந்தக் குழந்தைகள்ல ஒரு பகுதியை ரெண்டு வயசுல பாத்தப்ப சாவு, வளர்ச்சிக் குறைவு ரெண்டும் சேத்த கணக்குல ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசம் தெரியல. முதல் முடிவு பொய்யில்ல, ஆனா அது மட்டும் முழு பதிலும் இல்ல.

4. தேடறதுக்கு ஒரு வரிசை இருக்கு

முதல்ல உலக சுகாதார நிறுவனத்தோட கைட்லைன், அடுத்தது காக்ரேன் ரிவ்யூ (ஒரு விஷயத்துல வந்த ட்ரையல்களை சேத்து எடை போடற தொகுப்பு), அடுத்தது பெரிய ட்ரையல்கள், கடைசில தான் சின்ன ஸ்டடி. புதுசா வர்றவங்க தலைகீழா பண்றாங்க, பப்மெட்ல (ஆராய்ச்சிக் கட்டுரை தேடற தளம்) போய் மேல வந்த முதல் பேப்பரை எடுத்துக்கறாங்க.

மேல இருந்து ஏன் வரணும்னா ஏற்கனவே ஒரு குழு உக்காந்து எல்லா ட்ரையலையும் சேத்து எடை போட்டு வெச்சிருக்கும், நீங்க டியூட்டி முடிச்ச களைப்புல அதை மறுபடி பண்ணத் தேவையில்ல. ஆனா தேதியை கட்டாயம் பாருங்க. 2012 கைட்லைன்ல ட்ரானெக்ஸா மத்த மருந்துகள் கேக்கலைனாலோ பிரசவ வழி கிழிசலால வர்ற ப்ளீடிங்னாலோ தான். 2017ல அது மாறிடுச்சு: பிபிஎச்னு தெரிஞ்சா காரணம் எதுவா இருந்தாலும் மத்த சிகிச்சையோட சேத்து சீக்கிரமா, டெலிவரி ஆகி 3 மணி நேரத்துக்குள்ள. பழைய நோட்ஸ வெச்சு படிச்சவங்க இன்னும் கடைசி மருந்தாவே வெச்சிருக்காங்க, இதனால போறது அம்மாவோட உயிர்.

சிபாரிசு பக்கத்துல “வலுவானது”, “நிபந்தனையோட”னு போட்டிருக்கறதையும் படிங்க. நிபந்தனைனா என்ன நிபந்தனைனு கீழ எழுதியிருக்கும், ஆறாவது படில அது தான் ஆயுதம்.

5. பேப்பரை கடைசி வரில இருந்து படிக்காதீங்க

அப்ஸ்ட்ராக்ட்டோட கன்க்ளூஷனை முதல்ல படிச்சா அப்புறம் மத்ததெல்லாம் அதுக்கு சாட்சி மாதிரி தான் தெரியும். மெத்தட்ஸ்ல (ஆராய்ச்சியை எப்படி பண்ணினாங்கனு சொல்ற பகுதி) ஆரம்பிங்க. பாக்க வேண்டியது: யாருக்கு எந்த மருந்துனு முன்கூட்டியே யாராவது ஊகிச்சிருக்க முடியுமா, சேந்தவங்கள்ல எத்தனை பேரோட முடிவு கடைசில கிடைக்கல, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ட்ரையலை ரிஜிஸ்டர் பண்ணினாங்களா. இந்தியால நடந்ததுனா ட்ரையல்களை பதிவு பண்ற சிடிஆர்ஐ தளத்துல தேடினா கிடைக்கும், அங்க எழுதின முதல் அவுட்கமும் (முக்கியமா பாக்கப் போறோம்னு சொன்ன முடிவு) பேப்பர்ல போட்ட முதல் அவுட்கமும் ஒண்ணானு பாருங்க.

நம்ம துறைல இன்னொரு வேதனை, நம்பவே முடியாத ட்ரையல்கள் நிறைய வெளியாகியிருக்கு, வாபஸும் ஆகியிருக்கு. ஒரே சென்டர்ல சில மாசத்துல பல நூறு பேர், ஒருத்தர் கூட விட்டுப் போகல, ரெண்டு குரூப்பும் அச்சு அசலா ஒரே மாதிரி, மருந்து அமோகமா வேலை செய்யுதுனு வந்தா நிதானிங்க. காக்ரேனோட பிரசவப் பிரிவே இதுக்குனு ஒரு சல்லடை வெச்சு தான் ட்ரையல்களை உள்ள விட்டாங்க.

இப்ப பிபிஎச் சிகிச்சைக்கு ட்ரானெக்ஸாவை சோதிச்ச வுமன் ட்ரையலை எடுப்போம். 2017, லான்செட், 21 நாட்டுல 193 ஆஸ்பத்திரி, 20,060 பேர். சாவும் கர்ப்பப்பை எடுக்கறதும் சேந்த முதல் அவுட்கம் மருந்து வாங்கினவங்கள்ல 5.3, வாங்காதவங்கள்ல 5.5 சதவீதம், வித்தியாசம் இல்ல. இதோட மூடி வெச்சுட்டு “வேலை செய்யலை”னு சொல்றவங்க உண்டு. உள்ள படிச்சா காரணம் இருக்கு: பல இடத்துல கர்ப்பப்பையை எடுக்கற முடிவும் ட்ரையல்ல சேக்கறதும் ஒரே நேரத்துல நடந்திருக்கு, ஊசி வேலை பாக்க நேரமே இல்ல. ரத்தப்போக்கால சாவை மட்டும் பாத்தா 1.5க்கு 1.9. 3 மணி நேரத்துக்குள்ள குடுத்தவங்கள்ல 1.2க்கு 1.7. ரத்தம் உறையற பக்கவிளைவு அதிகமாகல.

ஆனா இந்த 3 மணி நேர கணக்கு ஒரு சப்குரூப் (மொத்தப் பேர்ல இருந்து பிரிச்சுப் பாத்த ஒரு பகுதி), சப்குரூப்பை சட்டுனு நம்பக்கூடாதுனு நமக்கு சொல்லிக் குடுத்திருக்காங்களே, இங்க எப்படி நம்பறது? ரெண்டு காரணம். இப்படி பிரிச்சுப் பாக்கப் போறோம்னு முன்னாடியே எழுதி வெச்சிருந்தாங்க. அதோட விபத்துக் காயத்துல 2010ல வந்த கிராஷ்-2 ட்ரையல்லயும் இதே 3 மணி நேரம் தான் தெரிஞ்சுது. ரெண்டையும் சேத்து 40,138 பேரை ஒண்ணா வெச்சுப் பாத்தப்ப ஒவ்வொரு 15 நிமிஷ தாமதத்துக்கும் பலன் சுமார் 10 சதவீதம் குறைஞ்சுட்டே போய் 3 மணி நேரத்துக்கு மேல ஒண்ணுமில்லாம ஆகுது. இந்த ஒரு வரியை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, ஏழாவது படி முழுக்க இதுல தான் நிக்குது.

6. எண்ணை உங்க வார்டுக்கு மாத்துங்க, அப்புறம் இடம் பொருந்துதானு பாருங்க

“31 சதவீதம் சாவு குறையுது”னு கேட்டா பெருசா தெரியும். அதே எண்ணை வித்தியாசமா போடுங்க: 1.7ல இருந்து 1.2, 0.5 சதவீத வித்தியாசம், சுமார் 200 பேருக்கு குடுத்தா ஒரு உயிர். ரெண்டுமே உண்மை தான், முடிவெடுக்க ரெண்டாவது தான் வேணும்.

இப்ப முதல் படில எழுதின பக்கத்தை எடுங்க. உங்க இடத்துல பிபிஎச் வந்தவங்கள்ல சாவு 1.7 சதவீதம் இருக்காது, 0.5னு வெச்சுக்குவோம். அதுல 31 சதவீதம் குறைஞ்சா ஒரு உயிருக்கு 650 பேர் கிட்ட ஆகும். அப்ப வேண்டாமா? வேணும். மருந்து மலிவு, பக்கவிளைவு கூடல, எதிர்ல இருக்கறது ஒரு தாயோட உயிர். இதே 650ங்கற எண் காசும் ஆபத்தும் அதிகமான ஒரு சிகிச்சைக்கு வந்திருந்தா பதில் மாறும். எண்ணு தானா முடிவு சொல்லாது, நாம தான் எடை போடணும்.

அடுத்தது இடம். இதுக்கு குறைமாசக் குழந்தையோட நுரையீரலுக்கு அம்மாவுக்கு போடற ஸ்டீராய்டு ஊசியை விட நல்ல பாடம் கிடையாது. பணக்கார நாடுகள்ல அது உயிர் காக்குதுனு பல வருஷமா தெரியும். அதையே இந்தியா உட்பட ஆறு நாட்டுல கிராமப்புறம் வரைக்கும் கொண்டு போய் பாத்த ஆக்ட் ட்ரையல் 2015ல வந்துச்சு, லட்சத்துக்கு கிட்ட பிரசவம். மொத்தக் குழந்தைகளையும் பாத்தா பிறந்த 28 நாளுக்குள்ள சாவு 1,000க்கு 23.9ல இருந்து 27.4க்கு ஏறியிருந்துச்சு. அம்மாவுக்கு இன்ஃபெக்‌ஷன் சந்தேகமும் கூடுச்சு. மருந்து அதே மருந்து தான். ஆனா பல இடத்துல ஸ்கேன் இல்லாததால மாசக்கணக்கு சரியா தெரியல, ஊசி வாங்கின பெரும்பாலானவங்களுக்கு சின்னக் குழந்தை பிறக்கவே இல்ல, பிறந்த குறைமாசக் குழந்தையை பாக்கவும் வசதி கம்மி.

அப்புறம் 2020ல ஆக்‌ஷன்-1 ட்ரையல், இதுலயும் இந்தியா உண்டு, கூட பங்களாதேஷ், கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான். இந்தத் தடவை ஆஸ்பத்திரிகள்ல, ஸ்கேன்ல மாசம் உறுதி பண்ணி, இன்ஃபெக்‌ஷன் இல்லாதவங்களுக்கு, 26 வாரத்துல இருந்து 34 முடியறதுக்குள்ள, குழந்தைக்கு சிபாப் (மூச்சுக்கு உதவற கருவி) வசதியோட. டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒண்ணா 4 டோஸ். குழந்தை சாவு 23.5 சதவீதத்துல இருந்து 19.6க்கு இறங்குச்சு.

ஆக நீங்க கேக்க வேண்டியது ஸ்டீராய்டு நல்லதானு இல்ல. நம்ம ஆஸ்பத்திரி இந்த ரெண்டுல எது மாதிரினு கேளுங்க. மாசம் உறுதியா தெரியுமா, காய்ச்சல் இல்லையா, ஒரு வாரத்துக்குள்ள பிரசவம் ஆகும்னு நிஜமாவே நினைக்கறோமா, குழந்தை வந்தா பாக்க எஸ்என்சியு (பிறந்த குழந்தைகளுக்கான சிறப்பு சிகிச்சைப் பிரிவு) இருக்கா. ஒண்ணு இல்லைனா கூட ஊசியை எடுக்கறதுக்கு முன்னாடி சீனியர்கிட்ட பேசுங்க, அனுப்ப வேண்டிய கேஸா இருந்தா எங்க அனுப்பறதுங்கறதையும் அப்பவே பேசிடுங்க.

7. ட்ரேல வைங்க

எல்லாரும் முந்தின படியோட வேலை முடிஞ்சுதுனு நினைக்கறாங்க, பாதி கூட முடியல.

15 நிமிஷத்துக்கு 10 சதவீதம் போகுதுனு பாத்தோம். பூட்டின அலமாரில மருந்து, சாவி வேற யார்கிட்டயோனு இருந்தா அந்த ட்ரையல் உங்க வார்டுல நடக்கவே நடக்காது. அதனால பிபிஎச் ட்ரேனு தனியா ஒண்ணு, டெலிவரி டேபிள்ல இருந்து கை நீட்டற தூரத்துல. வழக்கமா ட்ரானெக்ஸா ஆம்ப்யூல் 5 மில்லில 500 மில்லிகிராம், அதனால 2 ஆம்ப்யூல், 10 மில்லி சிரிஞ்ச் ஒண்ணு, ஒரே டேப்ல சுத்தி “1 கிராம், 10 நிமிஷம், மெதுவா ஐவி”னு எழுதி ஒட்டுங்க. 30 நிமிஷத்துக்கு அப்புறமும் ப்ளீடிங் நிக்கலைனாலோ, நின்னு 24 மணி நேரத்துக்குள்ள திரும்ப ஆரம்பிச்சாலோ இன்னொரு 1 கிராம், அதுக்கும் ரெண்டு ஆம்ப்யூல் பக்கத்துலயே இருக்கட்டும். இந்த கர்ப்பத்துல ரத்தக்கட்டி வந்தவங்க, ரத்தம் உறையற கோளாறு இருக்கறவங்க, இந்த மருந்து அலர்ஜினு தெரிஞ்சவங்களுக்கு போடக்கூடாது, அதையும் லேபிள்லயே எழுதுங்க.

ஒரு எச்சரிக்கை, இதை தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க. ஆபரேஷன் தியேட்டர்ல ஸ்பைனல் மருந்து (மரத்துப் போக முதுகுல போடறது) வைக்கற இடத்துல ட்ரானெக்ஸாவை வைக்கவே வைக்காதீங்க. ஆம்ப்யூல் பாக்க ஒரே மாதிரி இருந்து ஸ்பைனல்ல மாத்திப் போட்டு தாய்மார்கள் இறந்த சம்பவங்கள் பல நாட்டுல பதிவாகியிருக்கு. தனி ட்ரே, தனி இடம், போடறதுக்கு முன்னாடி பேரை சத்தமா படிக்கறது.

சரி, மருந்து தயாரா இருக்கு. பிபிஎச்னு யார் எப்ப சொல்றது? அங்க தான் மொத்த விஷயமும் நிக்குது. கண்ணால பாத்து ரத்தத்தை கணிச்சா பெரும்பாலும் கம்மியா தான் சொல்லுவோம், துணில ஊறினது, பக்கெட்ல போனது எதுவும் கணக்குல வராது. இமோட்டிவ்ங்கற ஆராய்ச்சி 2023ல வந்துச்சு, கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்சானியால 80 ஆஸ்பத்திரி, நார்மல் டெலிவரி ஆன 2,10,132 பேர். புது மருந்து ஒண்ணு கூட இல்ல. இடுப்புக்கு கீழ அளவு குறிச்ச பிளாஸ்டிக் ட்ரேப் (ரத்தம் சேர்ற விரிப்பு) வெச்சு ரத்தத்தை அளந்தாங்க, அளவு தாண்டின உடனே மசாஜ், ஆக்ஸிடோசின், ட்ரானெக்ஸா, ஐவி ஃப்ளூயிட், கிழிசல் இருக்கானு பரிசோதனை எல்லாத்தையும் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு காத்திருக்காம சேத்தே ஆரம்பிச்சாங்க. பிபிஎச்சை கண்டுபிடிச்சது 51.1ல இருந்து 93.1 சதவீதம். 1 லிட்டருக்கு மேல ரத்தப்போக்கு, அதுக்காக வயித்தை திறக்கறது, ரத்தப்போக்கால சாவு இதெல்லாம் சேந்தது 4.3ல இருந்து 1.6.

கையில இருந்த மருந்துகளை வெச்சே இவ்வளவு குறைஞ்சுது. எனக்கு நம்ம துறைல இதை விட நம்பிக்கை குடுத்த ஆராய்ச்சி வேற இல்ல. இந்த மாதிரி ட்ரேப் நம்ம பக்கத்து கர்நாடகா பெல்காம்லயே மிசோப்ரோஸ்டால் (பிபிஎச்சை தடுக்கற மாத்திரை) ட்ரையல்ல பயன்படுத்தினது தான், அந்தப் பேப்பர் 2006லயே லான்செட்ல வந்தாச்சு. ட்ரேப் கிடைக்கலைனா இண்டெண்ட் போட்டுட்டு அது வர்ற வரைக்கும் ஊறின பேடை எடை போடுங்க, 1 கிராம்னா கிட்டத்தட்ட 1 மில்லி, காஞ்ச பேடோட எடையை கழிச்சுக்கோங்க. முதல் ஒரு மணி நேரம் 15 நிமிஷத்துக்கு ஒருதடவை பல்ஸ், பிபி, கர்ப்பப்பை இறுக்கம், ரத்த அளவு கேஸ் ஷீட்ல ஏறணும்.

8. அம்மாகிட்ட சொல்ற விதம்

எமர்ஜென்சில ரெண்டு வரி போதும்: “அம்மா, ரத்தம் அதிகமா போகுது, நிறுத்த ஊசி போடறேன், நாங்க எல்லாரும் பக்கத்துலயே இருக்கோம்.” இதை கூட சொல்லாம நாலு பேர் ஓடினா அவங்க பயந்து போறாங்க.

நேரம் இருக்கற முடிவுகள்ல எண்ணை சொல்லணும். முதல் பிரசவத்துக்கு 39 வாரத்துலயே மருந்து வெச்சு வலி வரவைக்கலாமாங்கறது அப்படி ஒண்ணு. 2018ல அமெரிக்கால 6,106 பேரை வெச்சு பண்ணின அரைவ் ட்ரையல்ல சிசேரியன் 22.2ல இருந்து 18.6 சதவீதமா இறங்குச்சு, குழந்தைக்கு உறுதியா சொல்ற அளவு வித்தியாசம் இல்ல. ஓபில இப்படி போகும் பேச்சு:

“மேடம், டேட்டுக்கு முன்னாடியே அட்மிட் ஆகி மருந்து வெச்சா ஆபரேஷன் வராதுன்றாங்களே?”

“வராதுனு சொல்ல முடியாதும்மா. உங்கள மாதிரி 100 பேர் காத்திருந்தா 22 பேருக்கு ஆபரேஷன் ஆச்சு, மருந்து வெச்சவங்கள்ல 18, 19 பேருக்கு. ஆனா அது வெளிநாட்டுல, ஆளுக்கு ஒரு நர்ஸ் பக்கத்துல இருந்து பாக்கற இடத்துல. இங்க லேபர் வார்டுல கூடுதல் நேரம் இருக்க வேண்டி வரும். காத்திருந்தாலும் தப்பில்ல, குழந்தை அசைவை மட்டும் கவனமா பாத்துக்கணும். வீட்ல பேசிட்டு வாங்க, ரெண்டுல எதுனாலும் நான் பாத்துக்கறேன்.”

100 பேர்ல எத்தனைனு சொல்லுங்க, சதவீதம் குறையுதுனு சொல்லாதீங்க. அவங்க மாமியாரோ அம்மாவோ பக்கத்துல இருந்தா அவங்களுக்கும் சேத்து சொல்லுங்க, ஆனா பதிலை அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க.

9. அளந்து பாருங்க, விட வேண்டியதை விடுங்க

மூணு மாசம் கழிச்சு ரெஜிஸ்டரை திரும்ப எடுங்க. சாவை எண்ணி ஒண்ணும் தெரியாது, ஒரு வார்டுல அது அவ்வளவு அபூர்வம் (அப்படித் தான் இருக்கணும்). பிபிஎச்னு எழுதின நேரத்துக்கும் ட்ரானெக்ஸா போட்ட நேரத்துக்கும் எத்தனை நிமிஷம், எத்தனை பேருக்கு ரத்தம் அளந்தீங்க, இந்த ரெண்டு போதும்.

ஒண்ணு சொல்லிடறேன், முதல் மாசத்துல பிபிஎச் எண்ணிக்கை ஏறும். சீஃப் பதறுவாங்க, “மாத்தினதுல இருந்து கேஸ் கூடிடுச்சு”னு மீட்டிங்ல கேள்வி வரும். கேஸ் கூடல, முன்னாடி கண்ணுல படாதது இப்ப படுது. இதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க, இல்லைனா நல்ல புரோட்டோகால் அந்த மீட்டிங்லயே செத்துடும். ரத்தம் ஏத்தினவங்க, ரெஃபர் ஆனவங்க எண்ணை பக்கத்துல போட்டுக் காட்டுங்க.

சேக்கறதோட எடுக்கறதும் வேலை தான். முதல் பிரசவம்னாலே எபிசியாட்டமி (பிரசவ வழியை வெட்டி பெருசாக்கறது), எல்லாருக்கும் எனிமா, ஷேவிங், இதெல்லாம் வழக்கமா பண்ணத் தேவையில்லனு உலக சுகாதார நிறுவனமே தெளிவா சொல்லியிருக்கு, இருந்தும் பல வார்டுல நடக்குது. கர்ப்பப்பை வாய் மணிக்கு 1 சென்டிமீட்டர் திறக்கலைனு மட்டும் வெச்சு சிசேரியனுக்கு ஓடறதும் அப்படி தான், 2018 கைட்லைன்படி ஆக்டிவ் லேபரே (பிரசவ வலி வேகமெடுக்கற கட்டம்) 5 சென்டிமீட்டர்ல தான் ஆரம்பிக்குது. இதுல எதை எடுக்கறதா இருந்தாலும் ஒரு நேரத்துல ஒண்ணு. ரெண்டு மூணு சேத்து மாத்தினா எதால என்ன ஆச்சுனு பிரிக்க முடியாது, சிஸ்டர்களுக்கும் அது பாரம்.

புரோட்டோகால் தாளோட கீழ நாலு விஷயம் எழுதுங்க: எந்த கைட்லைன், எந்த வருஷம், அடுத்து எப்ப திரும்ப பாக்கணும், யார் பாக்கணும். ஆளோட பேர் இல்லாம “டிபார்ட்மென்ட்”னு போட்டா யாரும் பாக்க மாட்டாங்க. பிஜி மூணு வருஷத்துல போயிடுவாங்க, அதனால அந்தப் பேர் முடிஞ்ச வரைக்கும் வார்டுலயே நிரந்தரமா இருக்கற சிஸ்டரோடதா, கூட ஒரு அசிஸ்டன்ட் புரொஃபசரோடதா இருக்கட்டும்.